கிறிஸ்தியான் சிரித்த இடம்

1678-ல் ஆங்கிலத்தில் வந்த ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' நம் சபைகளில் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. சேற்றுப் பள்ளம், சிலுவையடியில் விழும் சுமை, அப்புறம் நேரே கடைசி ஆறு. நடுவில் வரும் வியாக்கியானியின் வீட்டை ஞாயிறு பள்ளி படப்புத்தகம் மாதிரி புரட்டிவிட்டுப் போய்விடுவோம். வேதபாட வகுப்புக்காக மறுபடி வாசித்தபோது எனக்கு அங்கேதான் இடறியது.

வியாக்கியானியைப் பரிசுத்த ஆவியானவருக்கு உருவகம் என்று சொல்வது வழக்கம். ஆனால் அவர் கற்றுக்கொடுக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். முதலில் காட்டுகிறார், கிறிஸ்தியான் அர்த்தம் கேட்ட பிறகே வாய் திறக்கிறார். சுவரோரம் ஒரு தீ. ஒருவன் விடாமல் தண்ணீர் ஊற்றியும் அது அணையவில்லை, இன்னும் ஓங்கி எரிகிறது. ஏன் என்று சொல்வதோடு விடாமல், கிறிஸ்தியானைச் சுவருக்குப் பின்பக்கம் கூட்டிப்போகிறார். அங்கே ஒருவர் ரகசியமாக எண்ணெய் வார்த்துக்கொண்டிருக்கிறார். முன்னால் நின்றே பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

அடுத்து, ஆயுதம் தரித்து அரண்மனைக்குள் வெட்டிப் புகும் வீரன். இந்த ஒரு காட்சிக்கு மட்டும் கிறிஸ்தியான் விளக்கம் கேட்பதில்லை. சிரிக்கிறான். புரிஞ்சுடுச்சு, நான் கிளம்பறேன் என்கிற பாவனை. வியாக்கியானி விடவில்லை. இருட்டறைக்குக் கூட்டிப்போய் இரும்புக் கூண்டுக்குள் இருக்கும் மனிதனைக் காட்டுகிறார். ஒரு காலத்தில் ஊரே மெச்சிய விசுவாசி அவன். இப்போது அர்த்தம் கேட்டால் விளக்கம் வரவில்லை. அவனிடமே பேசு என்கிறார்.

மனந்திரும்பவே வழியில்லை என்று அவன் சொல்வதை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. வியாக்கியானியும் அதை மறுப்பதில்லை, அது உறுத்துகிறது. ஆனால் பனியன் அதைத் தூரத்திலிருந்து எழுதவில்லை. கிறிஸ்துவை விற்றுவிட்டோமே, இனி மன்னிப்பே கிடையாதோ என்று தான் நெடுநாள் தவித்ததை 1666-ல் வந்த தன்வரலாற்றில் அவரே சொல்கிறார்.

கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார் என்று சாட்சி சொல்லி உட்காருகிறோம் இல்லையா, பெரும்பாலும் அந்த வீரன் காட்சியோடு சாட்சி முடிந்துவிடுகிறது. நானும் இத்தனை வருஷம் வகுப்பை அங்கேதான் முடித்திருக்கிறேன், ஜெபம் பண்ணி அனுப்ப வசதியாக. இந்த ஞாயிறு கூண்டிலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன். யாராவது அவனுக்கு மீட்பு உண்டா என்று கேட்பார்கள். என்ன சொல்வதென்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.