பெர்லின் பார்த்தது, நல்லூர் பார்த்ததா?

தமிழ்ப் படமொன்று அயல்நாட்டுத் திரைப்பட விழாவுக்குச் சென்றது என்று செய்தி வந்தால், நம் நாட்டில் இரண்டு குரல்கள் எழும். "வெள்ளைக்காரனே பாராட்டிவிட்டான்!" என்று பூரிப்பது ஒன்று. "நம் வீட்டு அழுக்கை அயலான் முற்றத்திலா அலசுவது?" என்று சீறுவது மற்றொன்று. முன்னது அடிமை மனம். பின்னது போலி மானம். 1980இல் மாநிலங்களவை உறுப்பினராயிருந்த நடிகை நர்கிஸ், சத்யஜித் ரே இந்தியாவின் வறுமையை அயல்நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறார் என்று குற்றம் சாட்டினார். வறுமை இருப்பதில் வெட்கமில்லையாம்; அதைக் காட்டுவதில்தான் வெட்கமாம்!

இவ்விரு குரல்களையும் ஒதுக்கிவிட்டு, பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய 'கொட்டுக்காளி'யை நாம் ஆராயப் புகுகிறோம். 2024 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவின் ஃபோரம் பிரிவில் காட்டப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்டு 23 அன்று தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்த படம் இது.

கதை ஒரு நாள் பயணம். மீனா என்ற பெண் வேறு சாதி இளைஞனை விரும்புகிறாள். வீட்டார் பார்வையில் அது காதலன்று, நோய், மனமன்று, வசியம். ஆகவே முறைமாமன் பாண்டியும் உற்றார் உறவினரும் அவளை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் பேய் ஓட்டக் கொண்டு செல்கிறார்கள். உடன் ஒரு சேவலும் செல்கிறது, கால் கட்டப்பட்டு. பெண்ணுக்குக் கயிறு தேவைப்படவில்லை. சுற்றி அமர்ந்திருக்கும் உறவே கயிறு! அவள் வாய் திறந்து பேசுவது அரிது. அவள் ஒரு பாட்டை முணுமுணுத்ததற்கே பாண்டியின் கை ஓங்குகிறது. தடுக்க வந்த பெண்கள் மீதும் அடி விழுகிறது. வழியை மறித்து நிற்கும் காளையின் முன் ஆடவர்கள் திகைத்து நிற்க, சிறுமியொருத்தி வந்து அதை அமைதியாக அழைத்துச் செல்கிறாள். பேய் யாரைப் பிடித்திருக்கிறது என்பதை இயக்குநர் வாயால் சொல்லவில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அது தப்பவுமில்லை.

'வேலைக்காரி'யும் (1949) 'பராசக்தி'யும் (1952) கண்ட மரபில் வந்தவர்கள் நாம். அனல் பறக்கும் உரையாடலைக் கேட்டுக் கொட்டகையே கைதட்டி எழுந்த காலத்தை அறிவோம். 'கொட்டுக்காளி'யில் அத்தகைய உரையாடல் இல்லை. பின்னணி இசையும் இல்லை. பகுத்தறிவுப் படமென்றால் பகுத்தறிவு பேச வேண்டாமா என்று தோழர்கள் கேட்கலாம். நம் விடை இதுதான்: அன்று பேசும் உரிமை இல்லாதவர்க்காகத் திரை பேசியது, இன்று பேசிப் பழகிய வாய்களே வீட்டுக்குள் சாதி பார்க்கின்றன. மேடையில் சீர்திருத்தம் பேசிவிட்டு, வீட்டில் மகளின் கைப்பேசியைப் பறிப்பவனுக்கு இன்னொரு வசனம் எதற்கு? சாமியாடி வேறொரு பெண்ணின் உடலைத் தீண்டுவதைப் பாண்டி பார்க்கிறான். அடுத்து அவன் என்ன செய்வான் என்பதைச் சொல்லாமல் படம் நின்றுவிடுகிறது. விடை கூற வேண்டியவர் பார்வையாளரே.

இத்தகைய படங்களுக்குத் திரைப்பட விழா ஏன் தேவைப்படுகிறது? விண்மீன் நடிகர் இல்லாத படத்தை வாங்க விநியோகஸ்தர் வருவதில்லை. அவர் வராவிட்டால் அரங்கு கிடைப்பதில்லை. ஆங்கிலத் துணைவரி சேர்த்து, நுழைவுக் கட்டணம் செலுத்தி, கடவுச்சொல் இட்ட இணைப்பை அனுப்பினால், பெயர் தெரியாதவன் படத்தையும் ஒரு தேர்வுக் குழு பார்க்கும். இது சிறிய நீதியன்று. ஆனால் அதற்கொரு விலை உண்டு. பெரிய விழாக்களின் போட்டிப் பிரிவுகள் பிற நாடுகளில் இன்னும் காட்டப்படாத படத்தையே கேட்கின்றன. பல வேளைகளில் உலகின் முதற்காட்சியே தமக்கு வேண்டும் என்கின்றன. யாரைப் பற்றிய படமோ அவர்கள் வரிசையின் கடைசியில் நிற்கிறார்கள். இதே இயக்குநரின் 'கூழாங்கல்' 2021 பிப்ரவரியில் ராட்டர்டாம் விழாவின் புலி விருதைப் பெற்றது. நம் மக்கள் அதை இணையத் திரையில் காண 2023 அக்டோபர் வரை காத்திருந்தார்கள்! 'கொட்டுக்காளி'க்கு நடிகர் சிவகார்த்திகேயன் தயாரிப்பாளராகவும் சூரி கதைநாயகனாகவும் அமைந்ததால் அரங்கு கிடைத்தது. கிடைத்தபோதோ, "இது விழாப் படம், அரங்குக்கு எதற்கு?" என்ற பேச்சு எழுந்தது. யாருக்காகப் பேசுகிறதோ அவர்களுக்கே உரியதன்று என்றால், அந்தப் படம் வேறு யாருக்கு உரியது?

குறையும் சொல்ல வேண்டும். மீனா விரும்பும் அந்த இளைஞனின் வீடு, அவன் தாயின் அச்சம், அவன் உயிருக்குள்ள ஆபத்து ஆகியவை படத்தின் கண்ணில் படவில்லை. ஒடுக்குபவன் வீட்டை உள்ளும் புறமும் காட்டிய படம், ஒடுக்கப்பட்டவனை ஊரார் வாய்ச்சொல்லில் மட்டும் விட்டுவிட்டது. பெர்லினில் அமர்ந்து பார்ப்பவர், பேயோட்டுதல் ஒரு வினோதச் சடங்கு என்று எண்ணி எழுந்து போகக்கூடும். பயணம் தோற்றால் அடுத்து என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியாது.

நல்லூரில் இருக்கும் நமக்குத் தெரியும். பீங்கானுக்குப் பெயர் பெற்ற நம் விருத்தாசலம் வட்டாரத்தில், 2003 ஜூலையில், சாதி கடந்து மணந்துகொண்ட ஓர் இளம்பெண்ணையும் அவள் கணவனான தலித் பொறியியல் பட்டதாரியையும் நஞ்சூட்டிக் கொன்று எரித்தார்கள். 18 ஆண்டுகள் கழிந்து, 2021இல்தான் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அவர்களில் காவல்துறையினரும் இருந்தனர். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளிற்று. படம் நின்ற இடத்திலிருந்து தொடங்கும் கதை இது. அதை அறிந்த ஊர்தான் இந்தப் படத்தை முழுமையாகப் பார்க்க வல்லது.

ஆகவே, படம் எடுக்கும் இளைஞர்களே, விழாவுக்கு அனுப்புங்கள், தயங்க வேண்டாம். ஆனால் பெர்லினுக்கு ஆங்கிலத் துணைவரி எழுதும் அன்றே, நம் ஊர்களுக்கு அந்தப் படம் எந்த நாளில், எந்த வழியில் வரும் என்பதையும் முடிவு செய்யுங்கள். படம் பார்க்கும் தோழர்களே, உரியவரிடம் இசைவு பெற்று உங்கள் ஊரில் 'கொட்டுக்காளி'யைத் திரையிடுங்கள். முறைமாமன்களையும் அழைத்து முன்வரிசையில் அமர்த்துங்கள். விளக்கு எரிந்த பிறகு எவரும் உடனே எழுந்து போக விடாதீர்கள். பாண்டி என்ன செய்திருக்க வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.