அடையாளக் கொள்கையும் மூன்று பெயர்களும்

ஆசிரியப் பயிற்சி பெற்ற எவருக்கும் எரிக் எரிக்சன் வகுத்த எட்டுப் படிகள் மனப்பாடமாயிருக்கும். தாய்மடியில் தோன்றும் நம்பிக்கை தொடங்கி முதுமையில் எய்தும் நிறைவு ஈறாக, மனித வாழ்வை எட்டுக் கூறாக்கி, ஒவ்வொரு கூற்றிலும் மாந்தர் எதிர்கொள்ளும் முரண் இன்னதென அவர் அட்டவணை இட்டார். 1950 ஆம் ஆண்டில் வெளிவந்த 'குழந்தைப்பருவமும் சமூகமும்' என்னும் நூலே இக்கொள்கைக்கு முதனூல். பரீட்சைக்குப் படிக்கும் நாமோ அட்டவணையைப் படிக்கின்றோம், நூலைப் படிப்பதில்லை. அட்டவணையை அளவுகோலாக்கிப் பிள்ளைகளை அளக்கத் தொடங்குமிடத்தே தொல்லை பிறக்கின்றது. அவ்வாறு அளந்து பிழைபட்டவருள் யானும் ஒருவன். அப்பிழையைப் பின்னர்க் கூறுவேன்.

இக்கொள்கையிற் கொள்ளத்தக்கது யாது, தள்ளத்தக்கது யாது என்பதை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம். உரைகல்லாக இரண்டு வாழ்க்கைகளை எடுத்துக்கொள்வாம். ஒன்று கொள்கையை வகுத்த எரிக்சனுடையது. மற்றது கிழக்கிலங்கையில் தோன்றித் தமிழுலகு முழுவதற்கும் உரியவரான சுவாமி விபுலாநந்தருடையது. இருவரும் வாழ்நாளில் மும்முறை பெயர் பூண்டவர்கள் என்பது இவ்வொப்பீட்டிற்கு வாயில்.

கொள்கையின் சாரம்

சிக்மண்ட் பிராய்டு ஆளுமையின் அடித்தளம் குழந்தைப்பருவத்திலேயே இடப்பட்டு விடுகின்றது என்றார். எரிக்சன் அவர்வழி வந்தவரேனும் இரு வகையில் அவரைக் கடந்தார். வளர்ச்சி முதுமைவரை நிகழ்வது என்றது ஒன்று. அவ்வளர்ச்சியில் சமூகத்திற்கும் பங்குண்டு என்றது மற்றொன்று. கருவில் உறுப்புகள் தத்தம் காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுமாறு போல, உள்ளத்தின் ஆற்றல்களும் தத்தம் பருவத்தில் தலைதூக்கும் என்பது அவர் கண்ட உவமை. எட்டனுள் ஐந்தாவதாகிய குமரப்பருவத்தில் 'நான் யார்' என்னும் வினா எழுகின்றது. அதற்கு விடை கண்டவன் அடையாளம் பெறுகின்றான். காணாதவன் குழப்பத்துள் ஆழ்கின்றான். ஆறாவது நெருக்கம், ஏழாவது அடுத்த தலைமுறையைப் பேணும் ஆக்கவளம், எட்டாவது நிறைவு.

வாழ்வைப் பருவங்களாகப் பகுத்தல் நமக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி எனப் பத்துப் பருவம் வகுத்தனர். குழந்தை தலை நிமிர்த்தி ஆடுவதும், கை கொட்டுவதும், தளர்நடையிட்டு வருவதும், நிலவைச் சுட்டுவதும் அவர்தம் கண்ணுக்குத் தப்பவில்லை. பிரமசரியம் முதலாகச் சந்நியாசம் ஈறாக வாழ்வு முழுவதையும் நான்கு நிலையாக்கிய மரபும் நம்முடையது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. நம் முன்னோர் ஒவ்வொரு நிலைக்கும் உரிய கடமையைக் கூறினர். எரிக்சனோ ஒவ்வொரு நிலையிலும் உள்ளே நிகழும் போரைக் கூறினார். இஃது அவருடைய தனிச்சிறப்பு. இதனை மறுத்தல் நன்றி மறத்தலாகும்.

இரு வாழ்க்கைகள்

எரிக்சன் 1902 இல் ஜெர்மனியின் பிராங்க்பேர்ட் நகரிற் பிறந்தார். தாய் டென்மார்க்கைச் சேர்ந்த யூதப் பெண். பெற்ற தந்தை யார் என்பதை அவர் இறுதிவரை அறிந்திலர். தாயின் முதற் கணவர் பெயரால் சாலொமொன்சன் எனவும், வளர்ப்புத் தந்தையாகிய மருத்துவர் பெயரால் ஹொம்பர்கர் எனவும் வழங்கப்பட்டார். யூதர் ஆலயத்தில் அவரது தோற்றங்கண்டு அந்நியன் என்றனர். பள்ளியிலோ யூதன் என்று ஒதுக்கினர். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாது, ஓவியராய் ஊர்சுற்றி, 1927 இல் வியன்னாவை அடைந்து, அன்னா பிராய்டிடம் உளப்பகுப்பாய்வு பயின்றார். 1933 இல் அமெரிக்கா புகுந்தார். 1939 இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றபொழுது தமக்குத் தாமே எரிக்சன் என்று பெயரிட்டுக் கொண்டார். எரிக்கின் மகன் என்பது அதன் பொருள். தந்தை பெயர் அறியாத ஒருவர் தம் பெயரையே தந்தை பெயராக்கித் தமக்குத் தாமே மகனானார்! அடையாளம் என்பது ஒருவன் தானே தேடித் தானே வென்றெடுப்பது என அவர் கொண்டமைக்கு இவ்வாழ்க்கையே விளக்கவுரை எனலாம்.

இனி மற்றவரைக் காண்போம். 1892 இல் காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார் பயிற்றப்பட்ட ஆசிரியராகி, 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். விஞ்ஞானம் பயின்று, கற்பித்து, 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரியாகப் பெற்றார். பகலிற் பிறர்க்குக் கற்பித்து இரவில் தாம் கற்கும் அவ்வழியின் அருமை அவ்வழியே வந்தவர்க்கே விளங்கும். பின்பு மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். வயது முப்பதை எட்டியது. பதவியும் புகழும் கைகூடின. அந்நிலையில், 1922 இல், அனைத்தையும் விடுத்துச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். அங்கே பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரியப் பெயர் பெற்றார். 1924 இல் சுவாமி சிவானந்தர் அவருக்குத் துறவளித்து விபுலாநந்தர் என்னும் பெயரை வழங்கினார். மீண்டு வந்து, திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் மிஷன் பாடசாலைகளை வளர்த்தார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். 1947 ஜூனில் யாழ் நூலை அரங்கேற்றி, அவ்வாண்டு ஜூலை 19 ஆம் நாள் மறைந்தார்.

கொள்கையின் குறைகள்

முதலாவது குறை, வயதை வரம்பாக்குவது. அட்டவணையை மட்டும் கையிற் கொண்ட ஒருவர் 1921 ஆம் ஆண்டில் மயில்வாகனனாரைக் கண்டிருப்பின் என்ன கூறியிருப்பார்? ஆசிரியர், பண்டிதர், விஞ்ஞானி, அதிபர் எனப் பல பாத்திரம் ஏற்றும் ஒன்றில் நிலையாதவர் எனவோ, அடையாளம் முற்றப்பெற்ற கல்லூரி அதிபர் எனவோ எழுதியிருப்பார். இரண்டும் பிழையே. அவருடைய வாழ்வை மாற்றிய முடிவு அடுத்த ஆண்டில் வரவிருந்தது. அம்முடிவும் பழையவற்றை அழித்து விடவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலிருந்து தோன்றிய யாழ் நூலில் பண்டிதரின் தமிழும் விஞ்ஞானியின் கணிதமும் ஒருங்கு நிற்கின்றன. மறைந்த யாழ்களின் இலக்கணத்தை அலைவெண் கணக்கால் மீட்க ஒரு துறவிக்கு இயன்றது, அவருள் அவ்விருவரும் உயிரோடிருந்தமையாலன்றோ? மாற்றத்தினூடே மாறாத தொடர்ச்சியே அடையாளம் என்று எரிக்சன் கூறியது இங்கே மெய்யாகின்றது. அது குமரப்பருவத்தில் முடியும் காரியம் என்பதே பொய்யாகின்றது.

இரண்டாவது குறை, படிகளின் வரிசை பற்றியது. ஆறாம் படியாகிய நெருக்கத்தை எரிக்சன் பெரிதும் காதல், இல்லறம் ஆகியவற்றின் வாயிலாகவே விளக்கினார். அதற்கு எதிர்நிலை தனிமை. துறவியோ ஆறாம் படியில் கால் வைக்காமலே ஏழாம் படியில் நிற்கின்றார். ஊரார் பிள்ளைகள் ஆயிரவரைப் பேணுகின்றார். ஆக்கவளம் மக்கட்பேற்றோடு அமைவதன்று என எரிக்சனும் ஒப்புவர். 1962 இல் அகமதாபாத்துக்கு வந்து, அந்நகர் ஆலைத்தொழிலாளர் 1918 இல் நடாத்திய வேலைநிறுத்தத்தை ஆராய்ந்து, 1969 இல் அவர் வெளியிட்ட 'காந்தியின் சத்தியம்' என்னும் நூல் அதற்குச் சான்று. அந்நூலின் நடுவே, மறைந்த காந்தியடிகளுக்கு நேரே ஒரு கடிதம் எழுதித் தம் ஐயங்களை அவர் முன்வைத்தார். பாரத மண்ணில் தம் கொள்கை முட்டுப்படும் இடங்களை மறைக்காத நேர்மை அது. பெண்களின் வாழ்வில் அடையாளமும் உறவும் ஒருங்கே வளர்கின்றன, முன்பின்னாக அல்ல என்று கரோல் கில்லிகன் என்னும் அறிஞர் 1982 இல் எழுப்பிய மறுப்பும் இவ்வரிசையையே தாக்கியது.

மூன்றாவது குறையே அடிப்படையானது. எரிக்சன் தம் பெயரைத் தாமே படைத்தார். விபுலாநந்தர் தம் பெயரை ஏற்றார். படைத்தலே அடையாளம், ஏற்றல் அடையாளக் குறைவு என்னும் எண்ணம் இக்கொள்கையின் உள்ளே ஒளிந்துள்ளது. எரிக்சனைப் பின்பற்றிய ஜேம்ஸ் மார்சியா 1966 இல் அடையாள நிலைகளை நான்காக்கியபொழுது அஃது வெளிப்பட்டது. தேடாமல், ஐயுறாமல், பெரியோர் காட்டிய வழியை ஏற்ற இளைஞனை 'முன்கூட்டியே மூடிய அடையாளம்' உடையவன் என்று அவர் தாழ்ந்த வரிசையில் வைத்தார். ஏற்றல் எல்லாம் அடிமைத்தனமா? விபுலாநந்தர் முப்பது வயதுவரை தேடிய பின்னரே ஏற்றார். கல்லடி உப்போடையில் தாம் நிறுவிய பாடசாலைக்குச் சிவானந்த வித்தியாலயம் என்று குருவின் பெயரையே இட்டார். பெற்ற பெயருக்குச் செலுத்திய கைம்மாறு அது.

சைவசித்தாந்தம் இங்கே நமக்கு ஒரு விளக்குத் தருகின்றது. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது. பளிங்கு அருகிலுள்ள பொருளின் நிறத்தைக் காட்டுவதுபோல என்பர் சித்தாந்திகள். இதனை உளவியலாக வாசிப்பின், 'நான் யார்' என்னும் வினாவிற்கு 'நான் எதனைச் சார்ந்தேன், யாருக்கு உரியேன்' என்னும் வினா முந்தியதாகும். எரிக்சன் சமூகத்தைக் கூறினாராயினும் அதனை அடையாளம் நடமாடும் அரங்காகவே கண்டார். நம் மரபோ சார்பினையே அடையாளத்தின் ஊற்றாகக் காண்கின்றது.

என் வகுப்பறையில்

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2010 ஆம் ஆண்டில், பயிற்சி நெறியின் ஒப்படைக்காக என் மாணவன் ஒருவனைப் பற்றி ஆய்வறிக்கை எழுதினேன். உப்புவெளிக் கடற்கரையைச் சேர்ந்தவன். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் வந்த கடல் அவன் தந்தையைக் கொண்டுபோயிற்று. முகாம் வாழ்விற் படிப்புத் தடைப்பட்டமையால், வகுப்பில் மற்றவரைவிட இரண்டு வயது மூத்தவன். கிழமையில் இரண்டு நாள் வருவான். மற்றைய நாள்களில் கரைவலை இழுக்கப் போவான். எதிர்காலத்தில் என்ன ஆவாய் என்று எழுதச் சொன்னபொழுது, ஒருமுறை மீன்பிடி என்றும், மறுமுறை மின்தொழில் என்றும் எழுதினான். மூன்றாம் முறை ஒன்றும் எழுதாமல் தாளைத் தந்தான். யான் அட்டவணையைப் பார்த்து, 'ஐந்தாம் படியில் அடையாளக் குழப்பம்' என எழுதினேன். ஒப்படைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. அவ்வாண்டே அவன் பாடசாலையை விட்டான்.

சில ஆண்டுகள் கழித்து அவன் தாயைச் சந்தையிற் கண்டேன். தங்கையர் இருவரும் உயர்தரம் படிப்பதாகவும், "அவன்தான் சேர் அதுகளைப் படிப்பிக்கிறான்" என்றும் சொன்னார். வலையிற் கிடைக்கும் பங்குக் காசில் பத்து வயதிலிருந்த அவ்விருவருக்கும் கொப்பியும் சப்பாத்தும் வாங்கியவன் அவனே என்பதும் அன்றுதான் தெரிந்தது. பதினாறு வயதில் அவன் நின்ற இடம் ஐந்தாம் படியன்று, ஏழாம் படி. தான் யாருக்கு உரியவன் என்பதில் அவனுக்கு எள்ளளவும் குழப்பம் இல்லை. குழம்பியவன் ஆசிரியனே.

ஆயினும் இக்கதையைத் தியாகப் புகழுரையாக்கி முடித்தல் நேர்மையன்று. இளையோர் பொறுப்பேற்குமுன் தேடவும் பிழைவிடவும் சமூகம் வழங்கும் தவணைக்காலம் ஒன்றுண்டு என்று எரிக்சன் காட்டினார். மயில்வாகனனாருக்கு அத்தவணை முப்பது வயதுவரை கிட்டிற்று. என் மாணவனுக்கு ஒரு நாளும் கிட்டவில்லை. மின்தொழில் என்று அவன் எழுதிய தாள் என் கையில் இருந்தது. அதனைக் குழப்பத்தின் சான்றாகக் கொள்ளாமல் விருப்பத்தின் சான்றாகக் கொண்டிருப்பின், வேலைசெய்துகொண்டே தொழில் பயிலும் வழியொன்றை அவனுக்காகத் தேடியிருப்பேன். அவனுடைய குறையை எழுத எனக்கு அட்டவணை போதியதாயிற்று. அவனுக்கு மறுக்கப்பட்டதை அறிய எரிக்சனின் நூலையே வாசித்திருத்தல் வேண்டும்.

முடிபு

எரிக்சன் கொள்கை ஒருவனுடைய வரலாற்றைக் கேட்கத் தூண்டும்வரை பயனுடையது. வயதைக் கேட்டுத் தீர்ப்பெழுதத் துணைபோகும்பொழுது தீங்குடையது. யுத்தமும் கடலும் பள்ளி ஆண்டுகளைக் குலைத்த எமது மாவட்டத்தில், படிகள் வரிசையாய் அமைந்த பிள்ளைகளைவிட முன்பின்னாய் அமைந்த பிள்ளைகளை ஆசிரியர்கள் மிகுதியும் கண்டுள்ளோம். அவர்களைப் பற்றிய பதிவேட்டில் 'எப்படியில் நிற்கின்றான்' என்று எழுதுமுன், 'எதனைச் சார்ந்து நிற்கின்றான், எது அவனுக்குக் கிட்டவில்லை' என்னும் இரண்டையும் கேட்டெழுதுதல் நன்று. முப்பது வயதிற் பெயர் மாறிய ஒருவர் ஐம்பத்தைந்தில் யாழ் நூல் தந்த நாட்டில், பதினாறு வயதுப் பிள்ளையைப் பற்றி முடிவுரை எழுத நாம் விரைதல் தகாது.