ஃபாஸ் நகரத்து இலவச இரவுகள்

ஸமாஃ கேட்பதற்குக் காலம், இடம், கூடியிருப்போர் ஆகிய மூன்றும் பொருந்தி வரவேண்டும் என்னும் ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) அவர்களின் கருத்தை, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் எடுத்துக்காட்டி விளக்குகிறார்கள். மதரஸாவில் அப்பகுதியை ஓதிய நாளில் அது நமக்கு ஒரு பாடமாகவே இருந்தது. மொராக்கோ நாட்டின் ஃபாஸ் நகரில் சில இரவுகளைக் கழித்த பின்னரே, இசை நிகழ்ச்சிகளை எடைபோட அஃது எத்துணைச் சிறந்த அளவுகோல் என்பது விளங்கிற்று.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் வளைகுடாவிலிருந்து மடல் எழுதியுள்ளார். மனைவி மக்களுடன் ஃபாஸ் நகர இசை விழாவுக்குச் செல்ல எண்ணியிருக்கிறாராம். "சீட்டு விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது, ஹஜ்ரத். இலவச நிகழ்ச்சிகளில் எவற்றைக் கேட்கலாம்?" என்று வினவியிருக்கிறார். பிறருக்கும் பயன்படலாம் என்று கருதி மறுமொழியை இங்கேயே எழுதுகிறோம்.

உலகப் புனித இசை விழா எனும் பெயரால் 1994 முதல் கோடையின் தொடக்கத்தில் நடந்துவரும் விழா இது. தோற்றுவித்தவர் மானிடவியல் அறிஞரான ஃபவ்ஸி ஸ்கலி. 1991 ஆம் ஆண்டின் வளைகுடாப் போர் விளைத்த கசப்பை, பல சமயத்தாரின் பக்தி இசையை ஓரிடத்தில் கேட்கச் செய்து தணிக்கலாம் என்பது அவர் நோக்கம். அரண்மனையை ஒட்டி உயர்ந்த மதில்கள் சூழ்ந்த பாபுல் மகீனா முற்றத்தில் பெருங்கச்சேரிகள் சீட்டுக்கு நடைபெறும். அவற்றைத் தவறவிட்டோமே என்று மாணவர் வருந்த வேண்டியதில்லை. அங்கே கூடியிருப்போரைத் தேர்ந்தெடுப்பது பணப்பை. பாட்டின் சொற்களை அறிந்த ஊர்மக்களோ பெரும்பாலும் வெளியே நின்றுவிடுகின்றனர்.

முதலிடம் ஸூஃபி இரவுகளுக்கே. நெடுங்காலம் இவை தார் தாஸி மாளிகைத் தோட்டத்தில், இரவு 11 மணியளவில், கட்டணமின்றி நடந்துவந்தன. இடமும் நேரமும் மாறக்கூடியவை. ஆதலின் அவ்வாண்டு நிகழ்ச்சி நிரலைப் பார்த்துக்கொள்வது நலம். பல தரீக்காக்களின் குழுவினர் வருவார்களாயினும், ஃபாஸ் நகரத்து ஸமாஃ குழுவினர் அமரும் இரவையே தேர்ந்தெடுக்குமாறு கூறுவோம். வெண்ணிற ஆடையினர் வரிசையாக அமர்ந்து ஒரே குரலில் கஸீதாவைத் தொடங்குவர். இடையில் ஒரு முன்ஷித் தனியே குரலெழுப்பி இரண்டு அடிகளை நீட்டிப் பாடி நிறுத்துவார். உடனே அனைவரும் சேர்ந்து அவரை ஏந்திக்கொள்வர். அந்தலூஸிய இசை மரபின் மெட்டுகளில் புர்தாவை அங்கே கேட்கும்போது, நம்மூர் மஜ்லிஸில் கேட்ட அதே பைத்து அயலூர் உடையணிந்து வந்தாற்போலிருக்கும்.

இந்த உறவு தற்செயலானதன்று. புர்தாவைப் பாடிய இமாம் பூஸிரி (ரஹ்) அவர்கள் ஷாதுலி தரீக்காவின் வழியில் வந்தவர்கள். அத்தரீக்காவின் தலைவரான அபுல் ஹஸன் ஷாதுலி (ரஹ்) அவர்கள் பிறந்தது வட மொராக்கோவில். காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் ஸாவியாக்கள் கொண்ட ஃபாஸிய்யத்துஷ் ஷாதுலிய்யா தரீக்காவின் பெயரிலேயே இந்நகரம் இருக்கிறது.

எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. நாம் அமர்ந்திருந்த ஓர் இரவில், ஸலவாத்துடன் பாட்டு முடிந்ததும் தோட்டம் முழுவதும் கைதட்டல் எழுந்தது. நம் அருகிலிருந்த உள்ளூர் முதியவர் ஒருவர் கைதட்டவில்லை. அவருடைய உதடுகள் அந்த ஸலவாத்தை முடித்துக்கொண்டிருந்தன. காலம் பொருந்திற்று, இடமும் பொருந்திற்று, கூடியிருப்போரில் பாதிப்பேரே பொருந்தினர் என்று நாம் எண்ணிக்கொண்டோம். மேடையும் ஒலிபெருக்கியும் வந்தபின் ஓதுவோர் ஒருபுறம், பார்ப்போர் ஒருபுறம் என்றாகிவிடுவது இயல்பே. ஆயினும் அது இழப்புத்தான்.

இரண்டாம் இடத்தை மல்ஹூனுக்குத் தருவோம். தாஃபிலால்த் பகுதியில் தோன்றி, நகரங்களின் கைவினைஞர்கள் வளர்த்த பேச்சு மொழிக் கவிதை இது. 2023 இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. நஹ்வும் ஸர்ஃபும் ஓதிய நமக்கும் பாதிதான் பிடிபட்டது. ஆனால் 'ஹர்பா' எனப்படும் பல்லவி வரும்போது கடைக்காரரும் தறிக்காரரும் சேர்ந்து பாடுவதைக் கேட்டால், பொருள் விளங்காத பாதியும் ஒருவாறு விளங்கிவிடுகிறது. எங்கே இலவசமாக நடந்தாலும் விடாதீர்கள்.

மூன்றாவது, ஈஸாவிய்யாக் குழுவினர். மிக்னாஸ் நகரத்தில் தோன்றிய தரீக்காவினர் இவர்கள். இவர்களுடைய 'கைத்தா', நம் நாகசுரத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதுவது. பிள்ளைகள் மகிழ்வார்கள். ஆனால் தம்மை மறந்து ஆடும் பகுதி மேடையேறும்போது வேடிக்கையாகிவிடுகிறது. அந்நேரம் எழுந்துவிடுவதே மரியாதை.

பாப் பூஜுலூத் சதுக்கத்தின் இலவச மேடையில் பெரும்பாலும் புகழ்பெற்ற மேடைப் பாடகர்களே தோன்றுவர். ஊரே திரண்டு வரும். ஒலியின் பேரிரைச்சலில் கஸீதா வந்தாலும் காதில் நில்லாது. இலவசம் என்பதனாலேயே ஒன்று உயர்ந்ததாகிவிடாது.

இறுதியாக, விழா நிரலில் இல்லாத ஒன்றையும் சொல்வோம். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அஹ்மதுத் திஜானி (ரஹ்) அவர்களின் ஸாவியாவில் திக்ர் நடைபெறும். மாணவர் அங்கே சென்று ஓரமாக அமரட்டும். சீட்டுமில்லை, மேடையுமில்லை, கைதட்டலுமில்லை.

புறப்படுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. புர்தாவின் நான்கு பைத்துகளையேனும் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். தோட்டத்தில் அந்த அடிகள் வரும்போது அவர்களுடைய உதடுகளும் அசையட்டும்.