எள்ளில் புரட்டிய கீரை

ஜப்பானிய வீட்டுச் சாப்பாட்டில் சோறு, மிசோ சூப், மீன் இவற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். அதில் அடிக்கடி வருவது கோமாஏ, அதாவது எள்ளுப் பொடியில் புரட்டிய பாலக்கீரை.

கீரைக்கு அடுப்பில் ஒரு நிமிடம்தான் வேலை. கொதிக்கும் உப்புத் தண்ணீரில் முதலில் தண்டை இறக்கி, பிறகு இலையை அமிழ்த்தி, உடனே குளிர்ந்த நீரில் போடுகிறார்கள். பச்சை நிறம் மங்காது. நாக்கைப் பிடிக்கும் ஆக்சாலிக் அமிலமும் ஓரளவு தண்ணீரோடு போய்விடும். அடுத்தது பிழிவது, கைப்பக்குவம் அங்கேதான். ஈரம் தங்கினால் சுவை நீர்த்துப்போகும், முறுக்கிப் பிழிந்தால் இலை நாராகிவிடும்.

எள்ளை வெறும் சட்டியில் படபடவென வெடிக்கும்வரை வறுத்து, சுரிபாச்சி என்ற மண் உரலில் அரைக்கிறார்கள். அதன் உட்புறம் முழுக்கச் சீப்புப் பல் மாதிரி கோடுகள். எள் அவற்றில் உரசி உடையும். பாதி பொடி, பாதி முழுசு என்று இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். அந்த உரலிலேயே சோயா சாஸும் சர்க்கரையும் சேரும். 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கொம்பு என்ற கடற்பாசியில் அடையாளம் கண்ட உமாமி என்ற சுவை, சோயா சாஸிலும் உண்டு. அதனால் தாளிப்பு இல்லாத குறையே தெரியாது.

கீரையைப் பரிமாறும்போதுதான் கலக்க வேண்டும். ஒரு கட்டுக்கு மூன்று மேசைக்கரண்டி வெள்ளை எள், ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போதும். நல்லெண்ணெய்ப் பாட்டிலை மட்டும் தொடாதீர்கள். வறுத்த எள்ளின் வாசமே தாராளம்.