மேசை போன் செட்டிங்: யார் காதுக்கு?

அலுவலக ஐபி போனின் அமைப்புப் பக்கத்தில் குரல் தொடர்பான பகுதியைத் திறந்தால் வழக்கமாக நான்கு வசதிகள் கண்ணில் படும்: எக்கோ நீக்கம், விஏடி எனப்படும் மௌனத் தணிப்பு, சிஎன்ஜி எனப்படும் செயற்கைப் பின்னொலி, ஜிட்டர் பஃபர். எல்லாவற்றையும் ஆன் செய்துவிட்டால் குரல் தெளிவாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இவற்றில் சில நம் காதுக்காக வேலை செய்பவை; சில எதிர்முனையில் இருப்பவரின் காதுக்காக. அமைப்புப் பக்கம் இதைப் பிரித்துச் சொல்வதில்லை. தவறான முடிவுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

நம் ஸ்பீக்கரில் ஒலிக்கும் எதிராளியின் குரல் நம் மைக்கில் புகுந்து அவருக்கே திரும்பிப் போகாமல் தடுப்பது எக்கோ நீக்கம். ஆகவே என் குரல் எனக்கே திரும்பக் கேட்டால், கோளாறு பெரும்பாலும் அவர் பக்கம். என் போனை எத்தனை முறை நோண்டினாலும் பயனில்லை. எக்கோ நீக்கத்தை அணைத்துவைக்கக் காரணமே இல்லை. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. ஸ்பீக்கரை உச்சத்தில் வைத்தால் ஒலி சிதைகிறது; சிதைந்த ஒலியைக் கணக்கிட்டுக் கழிக்க முடியாமல் போன் மைக்கையே அமுக்கிவிடுகிறது. இருவரும் ஒருசேரப் பேசும்போது ஒருவர் குரல் விட்டுவிட்டுக் கேட்பது பெரும்பாலும் இதனால்தான்.

மௌனத் தணிப்பு, நாம் பேசாத நொடிகளில் குரலைச் சுமக்கும் பாக்கெட்டுகளை அனுப்பாமல் மிச்சம் பிடிக்கிறது. யோசனை பழையது. 1956-இல் திறந்த அட்லாண்டிக் கடலடித் தொலைபேசிக் கேபிளில், 1960-இலேயே ஒருவர் பேசாத இடைவெளியை இன்னொருவர் பேச்சுக்குக் கொடுத்தார்கள். வழிகள் அன்று அரிதானவை. சேமிப்பில் பொருள் இருந்தது. இன்று ஜி.711 கோடெக்கில் ஓர் அழைப்புக்கு, ஐபி மட்டத்தில், ஒரு திசையில் வினாடிக்கு 80 கிலோபிட்தான். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 100 மெகாபிட் இணைப்பில் ஒரு விழுக்காடுகூட ஆகாது. இந்தச் சில்லறைச் சேமிப்புக்கு நாம் கொடுக்கும் விலை சொல்லின் முதல் எழுத்து. மெல்லிய ஓசையில் தொடங்கும் பேச்சை போன் உணர்வதற்குள் அது போய்விடும். ‘சுந்தர்’ எதிர்முனையில் ‘உந்தர்’ ஆகலாம். ஆஸ்டரிஸ்க் போன்ற எக்ஸ்சேஞ்ச் மென்பொருள்களில், குறித்த நேரம் பாக்கெட் வராவிட்டால் லைனைத் துண்டிக்கும் ஏற்பாடும் உண்டு. பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பவரின் அழைப்பு அறுந்துபோக வாய்ப்பிருக்கிறது.

சிஎன்ஜி, எதிர்முனை பாக்கெட்டை நிறுத்தும்போது லைன் செத்துவிட்டதோ என்ற ஐயம் வராமல் மெல்லிய இரைச்சலை நம் காதில் ஊட்டுவது. நாம் விஏடியை அணைத்திருந்தாலும் அவர் அணைத்திருக்க வேண்டியதில்லையே!

ஜிட்டர் பஃபர், பிந்தி வரும் பாக்கெட்டுக்காகக் காத்திருக்கிறது. காத்திருப்பு குறைந்தால் பேச்சு வெட்டுப்படும், கூடினால் தாமதமாகும். ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் ஜி.114 பரிந்துரை. பஃபரையே நிலையாக 200 என்று போட்டுவிட்டால், ஒரே கட்டடத்துக்குள் பேசினாலும் அந்த வரம்பு போயிற்று. “சொல்லுங்க”, “இல்ல, நீங்க சொல்லுங்க” என்று ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகவே என் முடிவு: எக்கோ நீக்கமும் சிஎன்ஜியும் ஆன், விஏடி ஆஃப், ஜிட்டர் பஃபர் நிலைமைக்கேற்பத் தானே மாறும் வகை. நெருக்கடியான செயற்கைக்கோள் இணைப்பு என்றால் மட்டும் விஏடியைப் பரிசீலிக்கலாம். இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை சோதனையில் இருக்கிறது. மாற்றியவரே ரிசீவரை எடுத்து, டயல்டோன் கேட்டதும் ‘ஓகே’ சொல்லிவிடுகிறார். வெளியே உள்ள ஒருவரை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, இருவரும் ஒருசேரப் பேசி, “என் குரல் எப்படிக் கேக்குது?” என்று அவரைக் கேட்டால்தான் பாதி செட்டிங்குகளின் தரமே தெரியவரும்.