வெற்றுக் கட்டத்தை எப்படி நம்புவது?

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் எந்தக் காட்டுச்செடி எங்கே வளர்கிறது என்று காட்டும் அட்லஸ் 1962-இல் வெளிவந்தது. பெர்ரிங், வால்டர்ஸ் இருவரும் தொகுத்தது. முறை எளிது: நிலம் முழுவதையும் பத்துக்குப் பத்து கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒரு கட்டத்தில் ஒரு செடி எங்காவது தென்பட்டால் அங்கே ஒரு புள்ளி வைப்பது. ஆர்வலர்கள் ஊதியமின்றி ஊர் ஊராக அலைந்தார்கள். செடிகளின் பெயர்களைச் சுருக்கி அச்சிட்ட அட்டை கையில் இருக்கும். கண்ட பெயரை ஒரு கோடிட்டு அடிப்பார்கள். பிறகு 2002-இல் ஒன்று, 2023-இல் ஒன்று எனப் புதிய அட்லஸ்கள் வந்தன.

இந்த முறையின் வலிமையை அறிய டேனிஷ் ஸ்கர்விகிராஸ் என்ற சின்னஞ்சிறு செடி போதும். உப்புக்காற்று அடிக்கும் கடற்கரைதான் அதன் இருப்பிடம். பழைய வரைபடத்தில் அதன் புள்ளிகள் பெரும்பாலும் கரையோரமாகவே ஓடுகின்றன. பின்னர் வந்தவற்றிலோ உள்நாட்டுக்குள் கோடு கோடாகப் புகுந்திருக்கின்றன. அந்தக் கோடுகள் நெடுஞ்சாலைகள். குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு படிந்த ஓரங்களிலும் நடுத்திட்டுகளிலும் கடற்கரைச் செடி குடியேறிவிட்டது. தனியொருவர் தம் ஊர்ச் சாலையோரத்தில் அதைப் பார்த்திருந்தால் ஒரு வியப்போடு போயிருக்கும். நாடு முழுவதும் ஒரே அளவுகோலில் பதிந்ததால்தான் காரணமும் கூடவே வெளிப்பட்டது. இதை நான் பெரிய சாதனையாகவே மதிக்கிறேன்.

ஆனால் புள்ளிக்கு எண்ணத் தெரியாது. நூறு சதுர கிலோமீட்டரில் ஒரு செடி நின்றாலும் பத்து லட்சம் நின்றாலும் ஒரே புள்ளிதான். இங்கிலாந்தில் லேடிஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட் பல பத்தாண்டுகள் யார்க்‌ஷயரில் ஒரேயொரு செடியாக மட்டுமே அறியப்பட்டிருந்தது. இடத்தை மறைத்துவைத்துக் காத்தார்கள். வரைபடத்தில் அதற்கும் ஒரு புள்ளி, புல்வெளியெங்கும் மண்டிக்கிடக்கும் டெய்சிக்கும் ஒரு புள்ளி. ஒரு கட்டத்துப் புல்வெளிகளில் பத்தில் ஒன்பதை உழுதுவிட்டாலும், மிச்சமுள்ள மூலையில் செடி இருக்கும்வரை வரைபடத்தில் எதுவும் மாறாது. அழிவு அங்கே தெரியவரும்போது கடைசிச் செடியும் போயிருக்கும்.

இதைவிட என்னை உறுத்துவது வெற்றுக் கட்டம். அட்டையில் அடிக்காத பெயருக்குச் செடி இல்லை என்று பொருளா, தேடவில்லை என்று பொருளா? நாவற்பழம்போல் கறுத்த பழம் தரும் பிளாக்பெரி முட்புதரில் நூற்றுக்கணக்கான நுண்ணினங்கள் உண்டு. பிரித்தறியக்கூடியவர்கள் மிகச் சிலர். ஆகவே அவற்றின் வரைபடம் ஓரளவு அந்த வல்லுநர்கள் குடியிருந்த, நடந்து திரிந்த இடங்களின் வரைபடமும்தான். அழகான கடற்கரைக்கும் மலைக்கும் ஆள் திரள்கிறார்கள்; உருளைக்கிழங்கு வயல்கள் நிறைந்த கட்டத்துக்கு யார் போவார்கள்?

2023 அட்லஸ் சுமார் 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு, பிரிட்டனின் இயல்தாவர இனங்களில் 53 விழுக்காட்டு இனங்கள் முன்பைவிடக் குறைந்துவிட்டதாகச் சொன்னது. தேடலில் உள்ள ஏற்றத்தாழ்வைப் புள்ளியியலால் சரிக்கட்டியே இந்த முடிவுக்கு வந்தார்கள். முன்பைவிட அதிகம்பேர் தேடியும் குறைவு தெரிகிறது என்பதால் அதை நம்புகிறேன். அதே காரணத்தால், பெருகியதாகக் காட்டும் செடிகள் விஷயத்தில்தான் எனக்குத் தயக்கம்.

2015-இல் தொடங்கிய தேசியத் தாவரக் கண்காணிப்புத் திட்டம் வேறு வழியில் போகிறது. குலுக்கல் அடிப்படையில் தேர்ந்த ஒரு கிலோமீட்டர் கட்டங்களுக்குள் சிறு பாத்திகளைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு செடியும் எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறது என்று ஆண்டுதோறும் மதிப்பிடுகிறார்கள். குறைவு தொடங்கும்போதே இது பிடித்துவிடும். அரிய செடிகளோ இந்தப் பாத்திகளில் அபூர்வமாகவே சிக்கும். அவற்றுக்கு அட்லஸை விட்டால் கதியில்லை. அட்லஸ் தொடரட்டும். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை மணி நேரம் தேடினார்கள், எந்தச் செடிக்கூட்டத்தைத் தேடாமல் விட்டார்கள் என்பதைப் புள்ளிகளுக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.