‘அவனால அடக்க முடியாது’ என்பது ஆய்வு முடிவா?

மனநோய் உள்ளவர்களின் சிகரெட் பழக்கத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, ‘அவனால அடக்க முடியாது, நோயே அப்படித்தான்’. இன்னொன்று, ‘அதுதான் அவனுக்கு நிம்மதி, விட்டுடுங்க’. இரண்டுமே இரக்கம் மாதிரிதான் தெரியும். ஆனால் இந்தப் பதில்களுக்குப் பிறகு, ‘விடணும்னு உங்களுக்குத் தோணுதா?’ என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வியை நம்ம ஊரிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். மனச்சிதைவு நோய்க்காகச் சென்னையில் இயங்கும் ஸ்கார்ஃப் நிறுவனத்தின் ஆர். தாராவும் டி.என். சீனிவாசனும் 2002-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புறநோயாளிகளாக வந்த 286 ஆண்களில் 38 சதவீதம் பேர் புகைப்பவர்கள். இது இந்திய ஆண்களின் பொதுவான அளவை விட அதிகமில்லை. மூன்று வருடம் கழித்து டி லியோன், டயஸ் இருவரும் 20 நாடுகளின் 42 ஆய்வுகளைத் தொகுத்தபோது, மனச்சிதைவு உள்ளவர்களிடம் புகைப்பழக்கம் மற்றவர்களை விட மிக அதிகம் என்றுதான் வந்தது.

மூளை அங்கேயும் இங்கேயும் ஒன்றுதானே? நோய்தான் முழுக் காரணம் என்றால் சென்னையிலும் அதே பெரிய இடைவெளி தெரிந்திருக்க வேண்டும். எல்லாமே உயிரியல் இல்லை என்று கட்டுரையின் தலைப்பே சொல்கிறது. இங்கே நோயாளி பெரும்பாலும் குடும்பத்தோடு இருக்கிறார், கைக்காசு அண்ணனிடமோ அம்மாவிடமோ இருக்கிறது. மேற்கு மாம்பலத்துப் பெட்டிக்கடையில் சிகரெட் ஒவ்வொன்றாகச் சில்லறையில் கிடைக்கும். அவர் எத்தனை பிடிக்கிறார் என்பதை நோயை விட அந்தச் சில்லறையே தீர்மானிக்கிற வீடுகள் உண்டு.

இந்த ஆய்வுக்கும் எல்லைகள் இருக்கு. பெண்கள் இதில் இல்லை. தெருவில் இருப்பவர்களும் காப்பகத்தில் இருப்பவர்களும் புறநோயாளி வரிசைக்கே வருவதில்லை. பொது அளவுக்குச் சமம் என்பதை ‘பிரச்சினை இல்லை’ என்று படிப்பதும் தப்பு. ஐந்தில் இரண்டு பேர் என்பது சின்ன எண் இல்லை. குடும்பத்தின் கட்டுப்பாட்டை நான் முழுசாகப் பாராட்டவும் மாட்டேன். அது அக்கறையாகவும் இருக்கலாம், ‘சொன்னபடி இருந்தா ரெண்டு சிகரெட்’ என்கிற அதிகாரமாகவும் இருக்கலாம்.

இனி அந்த ‘அடக்க முடியாது’ வாதம். உந்துதலை அளக்க ஒரு பிரபலமான சோதனை இருக்கு: இப்போதே 100 ரூபாய் வேண்டுமா, ஒரு மாதம் கழித்து 500 வேண்டுமா? 100-ஐ எடுப்பவருக்கு அவசரப் புத்தி என்று கணக்கு. ஆனால் தன் காசு தன் கையில் இல்லாதவர், சொன்ன தேதியில் பணம் வந்து பார்க்காதவர், 100-ஐ எடுப்பது அனுபவ அறிவாகவும் இருக்கலாமே. சோதனை இதைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. நிகோடின் குறைந்தால் சில மணி நேரத்திலேயே எரிச்சல், பொறுமையின்மை, படபடப்பு வரும். ஒரு சிகரெட் கொடுத்தால் அடங்கும். நோய் ஏறியது, சிகரெட் தணித்தது என்று வீட்டில் முடிவு கட்டுகிறார்கள். சிகரெட் உண்டாக்கிய தவிப்பை சிகரெட்டே தணித்தது, அவ்வளவுதான். புகையை விட்டவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் குறைவதைப் பல ஆய்வுகளைத் தொகுத்த 2014-ம் வருடத்து பி.எம்.ஜே. கட்டுரை காட்டியது. 2016-ல் வந்த ஈகிள்ஸ் பரிசோதனையில் கலந்துகொண்ட எட்டாயிரத்துச் சொச்சம் பேரில் பாதிப் பேருக்கு மனநோய் இருந்தது அல்லது முன்பு இருந்தது. புகை விட உதவும் மருந்துகள் அவர்களுக்கு மனநலப் பாதிப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டவில்லை.

ஒரு எச்சரிக்கை. புகை, குளோசபின், ஓலான்சபின் மருந்துகளைக் கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி செய்கிறது. இதைச் செய்வது நிகோடின் இல்லை, புகையிலுள்ள வேறு பொருட்கள். திடீரென்று புகையை நிறுத்தினால் அதே மாத்திரை ரத்தத்தில் அளவு மீறலாம். அதனால் வீட்டில் பாக்கெட்டைப் பிடுங்கி வைப்பது வைத்தியம் ஆகாது. நிறுத்தப்போகும் தேதியை முன்கூட்டியே மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவை அவர் மாற்றித் தருவார். அந்தத் தேதியைக் குறிக்க வேண்டியவர் புகைப்பவர்தான்.